இறங்குகிற டெம்போவின் வாடகை

அன்று காளியண்ணனின் வண்டி எங்கள் பஸ்ஸுக்கு எதிரே வந்தது பதினான்காவது வளைவிலா, பதினொன்றாவதிலா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஜன்னலில் பனி படர்ந்திருந்ததாக நினைக்கிறேன். அண்ணி ஜைனப், அது சித்திரை மாதம், பனி எங்கிருந்து வரும் என்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். பயத்தோடு பார்த்தவற்றை நான் வேறு ஏதோ நாளோடு கலந்து வைத்திருக்கலாம்.

வருஷம் 1987. நானும் அண்ணன் சிக்கந்தரும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு, வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மடியில் ஒரு துணிப்பை. அதில் அத்தா அண்ணன் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போன வீட்டின் பத்திரமும், நான் தயாரித்த திட்ட அறிக்கையும் இருந்தன. எங்கள் பழக்கடைக்குப் பின்னால் குளிர்கிடங்கு ஒன்று கட்டுவதற்காக வீட்டை அடமானம் வைக்கப் போகிறோம். பகல் பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தா இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று கடையில் உட்கார்ந்தார். அதனால்தான் நான் பொறியியல் படித்தேன். அறிக்கையின் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டிப் பார்க்கவில்லை. "நீ எழுதினா செரிதான்" என்றார்.

நான் அஜாக்கிரதையாக எழுதியதாகவும் சொல்ல முடியாது. இயந்திரத்தின் விலையோடு நிற்காமல், அதன்மேல் வரும் கலால் வரி, விற்பனை வரி எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். பழம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய செலவு ஒரு பக்கம், வருகிற பழத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் செலவு இன்னொரு பக்கம். வங்கித் தவணை போக வருஷத்துக்கு இருபத்திரண்டாயிரம் மிஞ்சியது. அதில் ஐயாயிரம், இயந்திரத்தின் தேய்மானத்தை லாபத்தில் கழித்துக் காட்டுவதால் மிச்சமாகும் வரி. அதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

வளைவில் பஸ் நின்றது. கீழேயிருந்து அரிசி மூட்டைகளோடு ஏறிவந்த டெம்போவில் காளியண்ணன். ஏற்காட்டுக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவந்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் பழத்தை ஏற்றிப் போகிறவர். இரண்டு வண்டிகளும் உரசாமல் நகர்ந்தபோது அவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க பாய், அம்மிணியக் கூட்டிக்கிட்டு எங்க, மாப்பிள்ள பாக்கவா?"

"பேங்குக்குங்க. கெடங்கு வரப்போவுதில்ல!"

"கேள்விப்பட்டனுங்க. சீசன்ல தெனம் மூணு நடை எறக்கோணுமாமா? செரி, எறங்கறப்ப பழம். ஏர்றப்ப என்னத்த ஏத்தறது பாய்? காத்தையா?"

அண்ணன் சிரித்தார். பஸ்ஸில் இன்னும் சிலர் சிரித்தார்கள். டெம்போ உறுமிக்கொண்டு மேலே போய்விட்டது.

நான் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, வண்டி வாடகை எழுதிய பக்கத்தைப் புரட்டினேன்.

ஒரு நடைக்கு அறுபது ரூபாய் என்று எழுதியிருந்தேன். அத்தா காலத்திலிருந்து நாங்கள் கொடுப்பது இறங்குகிற வண்டியின் வாடகைதான். ஏறிவந்த செலவை அரிசிக்காரர் கொடுத்துவிடுவார். காலியாக இறங்குவதற்குப் பதில் கிடைத்தது லாபம் என்று காளியண்ணன் எங்களிடம் குறைவாக வாங்குவார். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் இந்த மலைப்பாதையின் முழு விலையைக் கொடுத்ததில்லை. அப்படியொரு விலை இருப்பதையே மறந்திருந்தோம். மலைக்கு ஒரு நாளைக்கு ஒரு டெம்போ அரிசிதான் வேண்டும். மற்ற இரண்டு வண்டியும் எங்களுக்காகவே காலியாக ஏறி வர வேண்டும். அதற்கு நடைக்கு நூற்றி எழுபது.

மனசுக்குள் கூட்டினேன். நாளைக்கு இருநூற்றி இருபது கூடுதல். சீசன் நூற்றி இருபது நாள். இருபத்தாறாயிரத்துச் சொச்சம். மிஞ்சுவதாக நான் எழுதியதே இருபத்திரண்டுதான். அதிலும் வரியில் மிச்சமாகும் ஐயாயிரம், லாபம் வந்தால்தான் உண்டு. லாபம் இல்லாதவனுக்கு வரி ஏது, அதில் மிச்சம் ஏது?

மறுபடி கூட்டினேன். அதே தொகை.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். வளைவுகளின் எண் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது. எட்டு. அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் காலரில் அண்ணி போட்ட புதுத் தையல் தெரிந்தது. அவர் கோபித்தால் தாங்கிக்கொள்வேன். கோபிக்காமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். ஐந்து. நாலு. பேசாமல் இருந்தால் என்ன, நாலு வருஷம் எப்படியாவது ஓடாதா என்றும் ஒரு கணம் தோன்றியது.

அடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. அண்ணன் இறங்கிக் கொய்யா வாங்கினார். நானும் இறங்கினேன்.

"அண்ணா, கையெழுத்துப் போடாதீங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அவர் கொய்யாவைக் கடிக்காமல் கேட்டார்.

"ரெண்டு நடைய நிறுத்திட்டு, அரிசி வண்டியில மட்டும் அனுப்பினா?"

"ரூமு மூணுல ரெண்டு பங்கு காலியாக் கெடக்குமுங்க. தவணை கொறையாது. கரண்டு பில்லு பெருசாக் கொறையாது."

"மெசினுக்குக் குடுத்த அட்வான்ஸ் பதினஞ்சாயிரம்?"

"அது போனதுங்கண்ணா. கட்டினாலும் திரும்பாது, கட்டாட்டியும் திரும்பாது. அதைக் கணக்குல சேக்கக் கூடாது."

"அதுக்கு வித்த உங்கண்ணி வளையலக் கணக்குல சேக்கக் கூடாதுங்கற."

கண்டக்டர் விசில் ஊதினார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸிலும் ஏறவில்லை. ரோட்டைக் கடந்து, மேலே போகிற பஸ் நிற்கும் பக்கம் போய் நின்றார். நானும் போய்ச் சற்றுத் தள்ளி நின்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"கையெழுத்துப் போட்டப்புறம் தெரிஞ்சிருந்தா, சொல்லியிருப்பியா கண்ணு?"

"சொல்லியிருப்பனுங்க."

அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

அட்வான்ஸ் பணம் திரும்பி வரவில்லை. அந்தக் கிடங்கை நம்பி இருநூறு ஆரஞ்சுக் கன்று நட்டிருந்த கரடியூர் மாதையன், நாலைந்து வருஷத்தில் அவற்றை வெட்டிவிட்டுக் காபி வைத்தார். பிறகு அண்ணனோடு பேசவேயில்லை. காளியண்ணன் தொண்ணூற்றி ஆறில் டெம்போவை விற்றுவிட்டுக் குப்பனூரில் மகளோடு இருந்து, அங்கேயே இறந்தார். அம்மா ஹலீமா கடைசிவரை அந்த வீட்டில் இருந்தார். அண்ணிக்கு அண்ணன் வேறு வளையல் வாங்கிக் கொடுக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. அண்ணன் பழக்கடையை இரண்டாயிரத்துப் பதினொன்றுவரை நடத்திவிட்டு மகனிடம் கொடுத்தார். நான் சேலத்தில் மற்றவர்களின் திட்ட அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன்.