எந்த 'இருக்காது'?

நாலந்தாவுக்குச் சற்று முன்னால், வீதியோர வாசனைத்திரவியத் தோட்டம் ஒன்றில் றிப்கா வழிகாட்டியாக இருந்தாள். மிளகு, ஏலம், கொக்கோ என்று வெளிநாட்டவரைச் சுற்றிக் காட்டி, கடைசியில் பகல் சாப்பாட்டுக்கு உட்கார வைப்பது அவள் வேலை. இங்கிலீஷ் பேச அவளுக்குப் பயமே கிடையாது.

அன்று நெதர்லாந்துத் தம்பதி ஒன்று வந்திருந்தது. மனைவி, கத்தரிக்காயைப் பொரித்துச் செய்யும் மோஜு என்ற கறியைக் காட்டி, இதில் நிலக்கடலை இருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் உள்ளே போனாலும் கணவனுக்குத் தொண்டை அடைத்துவிடுமாம்.

றிப்கா குசினிக்குப் போய்ச் சமையல்காரி அழகம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, மோஜுல கச்சான் இருக்கா?"

"இருக்காதும்மா."

திரும்பப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்த 'இருக்காது'க்கு இங்கிலீஷில் எதைச் சொல்வது? 'கான்ட் பீ' என்றால் இருக்க வழியே இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம். 'மே நொட் பீ' என்றால் இல்லாமலும் போகலாம், இருந்தாலும் இருக்கலாம்.

"அக்கா, இருக்கவே முடியாதுன்னு சொல்றீங்களா, இருக்காதுன்னு நெனைக்கிறீங்களா?"

அழகம்மா கரண்டியை வைத்தாள். "நான் போடலம்மா. ஆனா நேத்து மிக்சருக்குக் கச்சான் பொரிச்ச எண்ணெயிலதான் கத்தரிக்காயும் பொரிச்சேன். அப்பளமும் அதுலதான். அதுவும் சேருமா?"

"அதுதான் ஆபத்து, அக்கா."

பேச்சைக் கேட்டுத் தோட்ட முதலாளி நளீம் உள்ளே வந்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க, றிப்கா. இப்படிப் பயங்காட்டினா யார் நம்மகிட்ட ஆள் அனுப்புவாங்க?"

"இல்ல நாநா. சாப்பிடவே கூடாதுன்னு சொல்லப் போறேன். 'மஸ்ட் நொட்'."

"கொஞ்சம் மெதுவா, 'ஷுட் நொட்'ன்னு சொன்னா என்ன?"

"அது புத்திமதி மாதிரி. ஆசையில ஒரு வாய் ருசி பாத்துடுவார். 'மஸ்ட் நொட்'ன்னா கைய எடுத்துடுவார்."

நளீமின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மேசையில் அந்த மனிதர் மோஜுவை ஏற்கெனவே தட்டில் போட்டிருந்தார்.

"யூ மஸ்ட் நொட் ஈட் திஸ்," என்றாள் றிப்கா, ஒவ்வொரு சொல்லாக. அவர் தட்டைத் தள்ளிவைத்தார். எண்ணெய் விஷயத்தை அவள் விளக்கினாள், அப்பளத்தையும் எடுத்துவிட்டாள்.

மனைவி கைப்பையிலிருந்து ஓர் ஊசிமருந்தை எடுத்துக் காட்டினாள். இந்தப் பயணத்தில் ஏற்கெனவே ஒரு ஹோட்டலில் 'இல்லை' என்ற சொல்லை நம்பி, ஆஸ்பத்திரி வரை போக வேண்டி வந்ததாம். "நீங்கள்தான் விசாரித்துவிட்டு வந்து சொன்னீர்கள்," என்றாள்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நளீம் குசினிக்குத் திரும்பினார். "அழகம்மா, அவருக்குப் புதுச் சட்டியில, புது எண்ணெயில ரெண்டு முட்டை பொரிச்சுக் குடுங்க. கச்சானுக்கு இனி வேற சட்டி."

முட்டை வந்தது. "யூ கேன் ஈட் திஸ்," என்றாள் றிப்கா. அவர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பிடத் தொடங்கினார்.