ஏழு முடிச்சுகள்

உலர்த்தியிலிருந்து வந்த விரிப்புகள் இன்னும் சூடாக இருந்தன. ஒரு விரிப்பை உதறி, இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டி அடுக்கில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாக மடிப்பு மேசையில் நிற்பவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அன்று காலையிலிருந்து ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. ஒரே விரிப்பை மூன்றாவது முறையாகப் பிரித்து மடித்தாள்.

மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. காலை ஏழு மணிக்கு வந்த செய்தியே அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ‘இன்று மாலை ஐந்து மணிக்குள் பதினோராயிரம் வராவிட்டால், உங்கள் போனில் உள்ள எல்லா எண்களுக்கும் உங்கள் படத்தை அனுப்பி, நீங்கள் யார் என்று தெரிவிப்போம்.’

“என்னக்கா, விரிப்போட சண்டையா?” இஸ்திரி போடுகிறவன் விரிப்பைத் தேய்க்கும் உருளையின் ஆவிக்குள்ளிருந்து கேட்டான். “மெதுவா மடி. இன்னைக்கு உன் நாளு. மத்தியானம் டப்பா உன் கையில. மகாராணி மாதிரி வீட்டுக்குப் போகப் போறே.”

அவள் சிரித்தாள். சிரிப்பு சரியாக வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அது நூறாவது நாள்.

நூறு நாளுக்கு முன்பு, துணி உலர்த்தும் டிரையர் அண்ணனின் மச்சான் சலவைக்கூடத்து வாசலுக்கே வந்து, கொடுத்த பணத்தைக் கேட்டு அவர் சட்டையைப் பிடித்தான். எல்லோரும் பார்த்தார்கள். அன்று மதியம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கிழிந்த துணிகளைத் தைக்கும் தையலம்மாதான் முதலில் பேசினார். “எனக்கும் கடன் இருக்கு. நம்ம ஆறு பேர்ல கடன் இல்லாதவங்க கை தூக்குங்க பார்ப்போம்.” ஒரு கையும் எழவில்லை. “சரி, அப்போ நூறு நாள். ஆளுக்கு ஒரு கடன். அடைச்சுக் காட்டுவோமா?”

கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றை அவரே நீளவாக்கில் ஆறு கீற்றாகக் கிழித்தார். ஆளுக்கு ஒரு கீற்று, கீற்றுக்குப் பத்து முடிச்சு. அவரவர் கடனைப் பத்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பத்தாம் நாளும் சாப்பாட்டு நேரத்தில் பணம் கட்டிய ரசீதைக் காட்டி, எல்லோர் முன்னாலும் ஒரு முடிச்சை அவிழ்க்கலாம். அவிழ்க்கிறபோது மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதோடு ஒவ்வொரு முறையும் ஆளுக்கு இருநூறு ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். நூறாம் நாள் யார் கீற்றில் முடிச்சே இல்லையோ, டப்பா அவர்களுக்கு. பன்னிரண்டாயிரம்.

அவளுடையது துணி துவைக்கும் மிஷின் கடன். நாள் முழுக்கத் துணிக்கு நடுவில் நிற்கிறவளுக்கு வீட்டில் மிஷின் எதற்கு என்று கடைக்காரரே கேட்டார். நாள் முழுக்க நிற்கிறதால்தான் என்றாள். பாக்கி முப்பதாயிரம். முடிச்சுக்கு மூவாயிரம்.

முதல் மூன்று முடிச்சுகளை அவள் நியாயமாகத்தான் அவிழ்த்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தாள். மூன்றாவது முடிச்சை அவிழ்த்த அன்றுதான் இஸ்திரிக்காரன் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தான். பள்ளிக்கூடம் தொடங்கி இன்றுவரை எதிலும் முதலாவதாக வந்திராதவளுக்கு அந்தக் கைதட்டல் வீடு வரைக்கும் காதில் கேட்டது.

நான்காவது தவணையின்போது அவள் கணவனுக்குக் கிடங்கில் சம்பளம் தள்ளிப்போனது. ‘இந்தத் தடவை முடியலை’ என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவளை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று காலை போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஐந்து நிமிடத்தில் கடன். ஜாமீன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். நாலாயிரத்து ஐந்நூறு கேட்டாள். கழிவெல்லாம் போக மூவாயிரம் வந்தது. ஏழு நாளில் நாலாயிரத்து ஐந்நூறாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு ஆப். அந்த இரண்டாவதைக் கட்ட மூன்றாவது.

நேற்று கடையில் பத்தாவது தவணையையும் கட்டிவிட்டாள். மிஷின் இப்போது முழுக்க முழுக்க அவளுடையது. ஐந்து ஆப்களில் அவள் கட்ட வேண்டியது நாற்பத்தோராயிரம். முப்பதாயிரம் கடனை அடைக்கப் போய், அதைவிடப் பெரிய கடனை வாங்கி வைத்திருந்தாள். கணவனுக்குத் தெரியாது. சுவரில் தொங்கும் அவள் கீற்றில் மட்டும் ஒரே ஒரு முடிச்சு.

மத்தியானம் டப்பா கைக்கு வந்தால் பதினோராயிரத்தைக் கட்டிவிடலாம். ஐந்து மணிக் கெடுவைத் தாண்டிவிடலாம். அதற்கப்புறம் என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளாக அவள் யோசிப்பதெல்லாம் அன்றைய ஐந்து மணி வரைக்கும்தான்.

பன்னிரண்டரைக்கு டிரையர் அண்ணன் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். உலர்த்திகளுக்குப் பின்னால் இரண்டு ஆள் நிற்கிற இடம் உண்டு. இரைச்சலில் பேசுவது வெளியே கேட்காது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார்; அவருடைய ரகசியத்துக்கு அந்த இரைச்சல் தேவைப்பட்டது.

“தங்கச்சி, உனக்கு இந்த போன் சமாச்சாரமெல்லாம் தெரியுமே. இதுல அடுத்தது எதை அமுக்கணும்?”

பச்சைத் திரை. நடுவில் சிரிக்கிற ஒரு நாணயம். அவள் முதன்முதலில் திறந்த ஆப் அதுதான்.

“எதுக்குண்ணே இது?”

“என் துணியில ஆறு முடிச்சு தொங்குது. நூறு நாள்ல நாலே நாலுதான் அவுத்திருக்கேன். இஸ்திரிக்காரப் பய நேத்து என்ன சொன்னான் தெரியுமா? ‘அண்ணே, உங்க துணியைப் புடிச்சு ஏறினா மொட்டை மாடிக்கே போயிடலாம்’ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. நீயும்தான் சிரிச்சே.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னைக்கு ஒண்ணாவது அவுத்தா மனுசனா நிக்கலாம். அஞ்சு நிமிசத்துல பணம் வந்துருமாம். மச்சானுக்கு அனுப்பிட்டு ரசீதைக் காட்டிடறேன்.”

“வேண்டாம்ணே.”

“ஏன் வேண்டாம்?”

“வேண்டாம்னா விடுங்களேன்.”

“நீ சொல்லுவேம்மா. உனக்கு ஒரு முடிச்சுதானே மிச்சம். எனக்குத்தான் எரியுது.” அவர் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். “உங்கள் போனில் உள்ள எண்களைப் பார்க்க அனுமதி தரவும். ஆமான்னு போடவா?”

விரல் இறங்கியது. அவள் அவர் மணிக்கட்டைத் தட்டினாள். போன் துள்ளி, ஈரத் துணி வண்டிக்குள் விழுந்தது.

“உனக்கென்ன பைத்தியமா?” அவர் வண்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் துழாவினார். ஈரத் தலையணை உறைகள் தரையில் விழுந்தன. போனோடு நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. “நீ மட்டும்தான் ஜெயிக்கணுமா? இன்னொருத்தன் ஒரு முடிச்சு அவுத்தா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் அவளைப் பார்க்காமல் போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார். திரையில் பச்சை வெளிச்சம் இன்னும் இருந்தது.

துணி அறைக் கதவுக்குப் பின்னால், ஆணிகளில், ஆறு கீற்றுகள். முன்னால் ஸ்டூலின் மேல் தகர டப்பா. தையலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். துவைக்கும் மிஷினில் துணி போடும் மாமாவும் அவர் மருமகனும் கடைசி நானூறைப் போட்டார்கள். டிரையர் அண்ணன் கதவோரம் நின்றார். அவருடைய கட்டைவிரல் போனின் மேலேயே இருந்தது.

“மகாராணியை முதல்ல கூப்பிடுங்க,” என்றான் இஸ்திரிக்காரன். “அண்ணனைக் கடைசியில வச்சுக்கலாம். அவர் முடிச்சுக்கு எண்ணெய் போடணும்.”

மருமகன் சிரித்தான். டிரையர் அண்ணனின் விரல் அசைந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

ரசீதை நீட்டினாள். தையலம்மா வாசித்து, “பத்து,” என்றார். கைகள் தட்டத் தயாராக உயர்ந்தன. அவள் கீற்றை ஆணியிலிருந்து எடுத்து, கடைசி முடிச்சில் நகத்தை வைத்தாள். லேசான முடிச்சுதான். ஒரு இழுப்பில் வந்துவிடும். பையில் போன் மறுபடி அதிர்ந்தது.

அவள் அதை அவிழ்க்கவில்லை. அதற்கு மேலே, நேரான துணியில், இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

“என்ன பண்றே?” என்றார் தையலம்மா.

அவள் அடுத்ததைப் போட்டாள். பிறகு இன்னொன்று. தட்ட உயர்ந்த கைகள் இறங்கின. ஆறு போட்டதும் நின்றாள். ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து ஏழு.

“மூணுதான் நான் அவுத்தது. மத்ததெல்லாம் போன்ல கடன் வாங்கிக் கட்டினேன். அஞ்சு எடத்துல வாங்கியிருக்கேன். நாப்பத்தோராயிரம்.” அவள் துணியையே பார்த்துக்கொண்டு பேசினாள். “அண்ணே, உங்க கையில இருக்கற அதே பச்சை ஆப்லதான் ஆரம்பிச்சேன். அது பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லார் நம்பரையும் எடுத்துக்கும். இன்னைக்கு அஞ்சு மணிக்கு உங்க எல்லாருக்கும் என் படம் வரும். திருடின்னு போட்டு வரும். அதைத் தடுக்க இந்த டப்பாவை எடுத்துக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

டிரையர் அண்ணன் போனை மெதுவாகத் தன் கையிலேயே கவிழ்த்தார்.

முதலில் பேசியவன் இஸ்திரிக்காரன். அவன் முகத்தில் கேலி இல்லை. “அப்போ நாங்க கைதட்டினது எதுக்கு? உன்னைக் காட்டித்தான் என் வீட்டுல தினம் சண்டை. ‘அந்த அக்கா கட்டுது, நமக்கு ஏன் முடியலை’ன்னு என் பொண்டாட்டியைத் திட்டியிருக்கேன்.” அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அவள் படிக்கட்டில் நின்று கணவனுக்கு போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“மிஷின் கடன் முடிஞ்சுதுன்னு நேத்துதானே சொன்னே?”

“அது முடிஞ்சுதுங்க. இது வேற. படம் வந்தா பயப்படாதீங்க. கட்டச் சொல்லி மிரட்டினா கட்டிடாதீங்க.”

“வீட்டுக்கு வா, பேசிக்கலாம்,” என்று வைத்துவிட்டான். கோபமா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு உருளை நின்றது. வேலை முடியாவிட்டாலும் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து மூன்றுக்குத் தையலம்மாவின் போன் சத்தம் போட்டது. பிறகு மாமாவுடையது, மருமகனுடையது. மேசைமேல் வைத்திருந்த இஸ்திரிக்காரனின் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. அவள் மடிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இஸ்திரிக்காரன் போனை எடுத்துப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“திருடின்னு போட்டிருக்கான்,” என்றான். கொஞ்சம் நிறுத்தி, “இதைத்தான் நீயே மத்தியானம் சொல்லிட்டியே. பழைய செய்தியை அனுப்பறான் முட்டாப் பய. ஆனா அக்கா, படத்துல நீ நல்லாத்தான் இருக்கே,” என்றான்.

முதலில் சிரித்தது டிரையர் அண்ணன்தான். அப்புறம்தான் அவள் அழுதாள்.

“சரி, கேளுங்க,” என்றார் தையலம்மா. “இந்தச் செய்தியை யாரும் அழிக்காதீங்க. நாளைக்கு இதை எடுத்துக்கிட்டு நானும் இவளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். புதுசா ஒரு பைசா கடன் வாங்கக் கூடாது.”

“மிஷினை வித்துடறேம்மா,” என்றாள் அவள்.

“அதை உன் வீட்டுக்காரரோட பேசு. இன்னொண்ணு.” தையலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “தப்பு என் பேர்லயும் இருக்கு. நூறு நாளா ரசீதைக் காட்டு, ரசீதைக் காட்டுன்னுதான் கேட்டேன். காசு எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டேனா? அவுத்தவளுக்குக் கை தட்டினோம், அவுக்க முடியாதவரைப் பார்த்துச் சிரிச்சோம். இந்த டப்பா அப்படியே இருக்கட்டும். இன்னொரு நூறு நாள் பார்ப்போம். இனிமே ரசீது மட்டும் போதாது. காசு வந்த வழியைச் சொல்லணும். வரலைன்னா வரலைன்னு சொல்லணும்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரையர் அண்ணனிடம் திரும்பினாள். “அண்ணே, உங்களுக்கு நாலு. எனக்கு மூணு. இனிமே கடைசி நான்தான்.” பிறகு எல்லோரையும் பார்த்தாள். “கடன் வாங்கினது அவ்வளவு பெரிய தப்பு இல்ல. முடியலைன்னு சொல்ல வெட்கப்பட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. இத்தனை நாளும் அந்த வெட்கத்துக்குத்தான் வட்டி கட்டியிருக்கேன்.”

டிரையர் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

“மத்தியானம் என் முறை வரவே இல்ல. அதனால இப்போ சொல்லிடறேன்.” பள்ளிக்கூடப் பையனைப் போல நிமிர்ந்து நின்றார். “இந்தப் பத்து நாள்ல என்னால ஒண்ணும் கட்ட முடியலை.”

இஸ்திரிக்காரன்தான் முதலில் கைதட்டினான்.