கோபத்தில் கழுவிய வீடு

எனக்குக் கோபம் வந்தால்தான் வீடு சுத்தமாகும். அன்பாகச் சொன்னால் கை ஓடாது, கெஞ்சினால் கால் நகராது. எவராவது சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பேயாட்டம் ஆடிவிடுவேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா வருவதாக இருந்தது. போன முறை சோபாவில் துணிக்குவியலையும், அதன்மேல் சாப்பிட்ட தட்டையும் பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா வேற வீடு பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிப் போயிருந்தார். மகளின் பள்ளிக்கூடம் தெருமுனையில் இருக்கிறது. இந்த வீடு போனால் அதுவும் போகும்.

காலையிலேயே ஆரம்பித்தேன். தட்டைக் கழுவ எடுத்துப் போனால் குழாய் சொட்டுகிறது. திருகுசாவி தேடி இழுப்பறையைத் திறந்தால் பழைய பேட்டரிகள். எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்கக் கடிகாரத்தைக் கழற்றினேன். மத்தியானம் தட்டு குளியலறை ஜன்னலில் இருந்தது, கடிகாரம் தரையில் கிடந்தது. நான் நடுவீட்டில் நின்று அழுதேன்.

இத்தனைக்கும் என் வேலை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி அடுக்குவது. அங்கே ஒரு கத்தரிக்கோல் இடம் மாறாது. எதிரே கூட்டாளி நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவாள், நான் தொட்டு "இருக்கு" என்பேன். வீட்டில் எனக்கு எதிரே எவர் நிற்கிறார்?

டாக்டர் இதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் சொன்னார். கவனம் ஒன்றில் நிற்காமல் தாவும், மூளையின் வாகு அப்படி, சோம்பல் இல்லை என்றார். என் நாத்தனார் அதைக் கேட்டு, "ஓ, சோம்பேறித்தனத்துக்கு இப்பல்லாம் பேர் வச்சுட்டாங்களா?" என்று சிரித்தாள். வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் முழுக்க வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தேன். என் கணவர் அதைக் கவனித்து வைத்துக்கொண்டார்.

அன்று நடுவீட்டில் நான் அழுது முடிப்பதற்குள் அவர் தான் வேலை பார்க்கும் டயர் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார். "அக்கா சாயங்காலம் வர்றாளாம். உன்னால எங்க முடியப்போகுது, வீட்டுக்காரம்மாகிட்ட தானே மன்னிப்பு கேட்டுக்கறேன்னு சொல்றா."

"மன்னிப்பா? அவ யாரு எனக்காக மன்னிப்பு கேக்க?"

போனைச் சோபாவில் விட்டெறிந்தேன். பாத்திரம் பறந்தது, தரை நனைந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் குப்பைப் பையில் திணித்தேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் படுக்கையறைக்குள் போய்விட்டாள். கூடம் முடிந்ததும் நாத்தனாரை நாலு கேள்வி கேட்கலாம் என்று கூப்பிட்டேன்.

"நானா வர்றேன்? காய்ச்சல்ல கிடக்கேன்டி. உன் புருஷன்கிட்ட பேசியே எவ்வளவோ நாளாச்சு" என்றாள்.

அவ்வளவுதான். கை அப்படியே நின்றுவிட்டது.

படுக்கையறையில் மகள் கட்டிலடியில் ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி அது?"

"என் பெட்டிம்மா. அத்தை வர்றாங்கன்னு சொன்னா அம்மா வேலைய முடிச்சிருவா, நீ உன் பெட்டிய ஒளிச்சு வச்சுக்கன்னு அப்பா காலையிலயே சொன்னாரு." மூக்கை உறிஞ்சினாள். "போன தடவை கோவத்துல என் களிமண் யானையக் குப்பையில போட்டுட்டியே."

எனக்கு அந்த யானையே ஞாபகம் இல்லை.

கணவர் உள்ளே வந்ததும் வராததுமாக, "என்ன, பாதியில நிக்குது?" என்றார்.

"நான் என்ன பழைய வண்டியா, தள்ளிவிட்டா ஓடறதுக்கு? உங்கக்கா பேரச் சொல்லி என்னை உசுப்பிவிட்டு வேலை வாங்குறீங்களா? பெத்த பொண்ணு என்னைக் கண்டு பொருளை ஒளிச்சு வைக்கிறா!"

"வேலை நடந்துச்சா இல்லையா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வீடு போயிருமேன்னு பயம். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"என்னைக் கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? இங்க வந்து எதிர்ல நில்லுங்க. ஒவ்வொண்ணா பேர் சொல்லுங்க. போதும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நின்றார்.

"தட்டு."

"எடுத்தாச்சு."

"கடிகாரம்."

"மாட்டியாச்சு. போனைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். ஆனால் கை வழி மாறவில்லை. மகள் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கி வந்து, துடைத்த மேசையின் நடுவில் வைத்தாள். உள்ளே மூக்குடைந்த ஒரு களிமண் குதிரை, பொத்தான்கள், உடைந்த வண்ணச் சாக்பீஸ்கள்.

வீட்டுக்காரம்மா வந்தார். குளியலறை இன்னும் பாக்கி. அதை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார், கூடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மேசையைக் காட்டினார். "இந்தக் குப்பை மட்டும் ஏன் நடுவுல?"

கணவர் அவசரமாகப் பெட்டியை எடுக்கப் போனார்.

"தொடாதீங்க" என்றேன். "அது குப்பை இல்லம்மா. அது அங்கதான் இருக்கும்."

வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி சரி, காலி பண்ண வேணாம். அந்தக் குளியலறைய மட்டும் தேச்சு விடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

கதவு மூடியதும் மகள் கேட்டாள். "இன்னும் கோவமாம்மா?"

"ஆமாடி. உங்கப்பா மேல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பெட்டியை ஒளிக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.