வாய் கீழே பார்த்த ஃபில்டர்

தம்பி லாரியை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டதும் பெரியவன் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டான். வாயில் நுரையோடு சுவர் ஓரமாகப் போய் நின்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் வீடு. முன்பு ஒரே வீடாக இருந்ததுதான். நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். முன்னால் இருக்கிற முற்றத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. பிரித்தால் லாரி உள்ளே வராது, பெரியவனின் பட்டறைக்கு வருகிற வண்டிகளும் வராது. அதனால் ஒரே கேட், ஒரே முற்றம். பேச்சு மட்டும் கிடையாது.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் உடனே சீராகவில்லை. கறகறவென்று இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம். சில நொடிதான். பிறகு காய்ந்த தொண்டையில் தண்ணீர் இறங்கினாற்போல அடங்கிப் பழைய ஓட்டத்துக்கு வந்தது. வேறு யார் கேட்டாலும் பழைய வண்டி, அப்படித்தான் கத்தும் என்று போயிருப்பார்கள். பெரியவனுக்கு அது பல்லில் வலிப்பது போல இருந்தது.

"வாயைக் கொப்பளிச்சிட்டு நில்லுங்க. சட்டையெல்லாம் ஒழுகுது," என்றாள் மனைவி.

துப்பிவிட்டுச் சொன்னான். "கேட்டியா?"

"எதை?"

"வண்டியை. ஆயில் ஃபில்டர் தப்பு. எவனோ கடைக்காரன் வேற ஃபில்டரைத் தலையில கட்டிட்டான்."

"அப்படின்னா போய்ச் சொல்லுங்க. பத்தடி நடக்கணும், அவ்வளவுதானே?"

"ஏன், அவன் வந்து கேக்கட்டுமே. அவனுக்கும் வாய் இருக்குல்ல?"

"வாய் இருக்கு. கன்னமும் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

அந்தக் கன்னத்தைப் பற்றித்தான் இரண்டு வீட்டிலும் யாரும் பேசுவதில்லை.

சுவர் எழும்புவதற்கு முன்பு ஒருநாள், லாரியின் பழைய எஞ்சின் மேட்டில் சுமையோடு ஏறும்போது சூடாகி இறுகிப்போய் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாததைச் சின்னவன் கவனிக்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டபோது பெரியவன் அவனை ஓங்கி ஒரு அறை விட்டான். வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் நின்றிருந்தார்கள். சின்னவன் அப்போது இரண்டு பிள்ளைக்கு அப்பன். கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பு ஆயிலில் பதிந்திருந்தன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கன்னத்தோடேயே முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனான்.

பெரியவன் கெட்டவனில்லை. அடித்த கையாலேயே வேறு எஞ்சின் தேடி அலைந்தான். விபத்தில் நொறுங்கிய வேறொரு மாடல் லாரியிலிருந்து எஞ்சினைக் கழற்றி வந்து, தாங்கிகளை வெட்டி ஒட்டி, தம்பியின் லாரிக்குள் உட்கார வைத்தான். வெளியிலிருந்து லாரியைப் பார்த்தால் எஞ்சின் மாறினதே தெரியாது. ஆனால் அதை மாட்டி முடித்த வாரத்திலேயே சுவரும் எழும்பிவிட்டது. லாரி தம்பிக்கு, பட்டறை அண்ணனுக்கு என்று ஆயிற்று. அதுவரை வண்டிக்கு ஆயில் மாற்றினதும் ஃபில்டர் மாற்றினதும் பெரியவன்தான். இந்த எஞ்சினுக்கு எந்த ஃபில்டர் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

விஷயம் சின்னதுதான். பழைய எஞ்சினில் ஃபில்டர் தண்ணீர்ச் செம்பு போல வாய் மேலே பார்த்து நிற்கும். வண்டி நின்றாலும் உள்ளே ஆயில் அப்படியே இருக்கும். இந்த எஞ்சினில் ஃபில்டர் தலைகீழ். வாய் கீழே பார்த்து இருக்கும். அதனால் உள்ளே ரப்பர் வால்வு வைத்த ஃபில்டர்தான் போட வேண்டும். வால்வு இல்லாததைப் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் மேலே வந்து சேருகிற வரைக்கும் பேரிங்குகள் காய்ந்து உரசும். கெடுதல் என்னவென்றால் இரண்டு ஃபில்டருக்கும் மரை ஒன்று, பருமன் ஒன்று. எதைத் திருகினாலும் அழகாக ஏறும். கடைக்காரன் கேட்பது லாரியின் மாடலை. சின்னவன் சொன்னதும் லாரியின் மாடலை. உள்ளே இருப்பது வேறு லாரியின் நெஞ்சு என்று யார் கண்டது?

பெரியவன் கண்டான். குப்பையில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்த்து உறுதியும் செய்துகொண்டான். சரியான ஃபில்டர் அவன் பட்டறையில் மேல் தட்டில் இருந்தது. எஞ்சின் மாற்றின சமயத்திலேயே அடுத்த முறைக்கு என்று வாங்கி வைத்தது.

அவன் சொல்லவே இல்லை என்றும் முடியாது. ஒருநாள் சொன்னான். ஆனால் எப்படிச் சொன்னான்?

முற்றத்து மூலையில் வாடகைக்கு இருந்த வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சின்னவன் லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரியவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவைக்கு மேலே சத்தமாக ஆரம்பித்தான்.

"வெல்டரே, உலகத்துல ரெண்டு வகை டிரைவருங்க. ஒருத்தன் எஞ்சினைப் பார்த்து ஃபில்டர் வாங்குவான். இன்னொருத்தன் பேனட்டைப் பார்த்து வாங்குவான்."

வெல்டர் என்னவென்று புரியாமலே சிரித்து வைத்தார்.

சின்னவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "வெல்டரே, மெக்கானிக்லயும் ரெண்டு வகை உண்டு. ஒருத்தன் வண்டி மேல கை வைப்பான். இன்னொருத்தன் ஆளு மேல கை வைப்பான்."

"ஐயா சாமிகளா, என்னை நடுவுல வச்சுப் பத்தவைக்காதீங்க. எனக்கு வேலை கெடக்கு," என்று வெல்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பெரியவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனால் அதைக் குத்தலில் சுற்றிக் கொடுத்தான். தம்பி குத்தலை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "சொல்லியாச்சாக்கும்?"

"ஜாடையா சொன்னேன்ல. புத்தி இருந்தா புரிஞ்சிருக்கும்."

"அவங்க புத்தியைச் சோதிக்கிறதுக்கா இருக்கீங்க? வண்டி போனா அந்த வீட்ல உலை வைக்க முடியாது. என் ஓரகத்தி நேத்தே சொன்னா, வண்டி இப்பல்லாம் காலைல ஒரு மாதிரி கத்துது, இவர் பயப்படறாருன்னு."

"பயப்படறானா? அப்ப வருவான்," என்றான் பெரியவன். அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வரவும் வந்தான்.

மதியத்தில் பெரியவன் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். டிராக்டர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஷட்டர் ஓரத்தில் இரண்டு கால் வந்து நின்றன. தம்பியின் செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. பெரியவன் ஸ்பேனர் திருகுவதை நிறுத்தினான்.

"காலைல ஸ்டார்ட் பண்ணா அந்தச் செவப்பு ஆயில் லைட்டு அணைய நேரமாகுது," என்றான் சின்னவன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான். "ஆயிலெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன்னு தெரியல."

அண்ணே என்று ஒரு சொல் வரும் என்று பெரியவன் காத்திருந்தான். வரவில்லை. வந்தே விட்டவனை, ஒரு சொல் குறைகிறது என்பதற்காக, வாசலிலேயே நிறுத்தி வைத்தான். பிறகு அடியிலிருந்து தலையை நீட்டி டிராக்டர்க்காரரிடம் சொன்னான்.

"பாருங்க சார். ஊர்ல உள்ள கடையெல்லாம் சுத்திட்டு, கடைசியா இப்பத்தான் நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கு சிலபேருக்கு."

டிராக்டர்க்காரர் வஞ்சகமில்லாமல் சிரித்தார். பட்டறை முழுக்க அந்தச் சிரிப்பு போய் வந்தது.

சின்னவனின் கை இடது கன்னத்துக்குப் போயிற்று. சொறிவது போலத் தடவிவிட்டு இறக்கினான். "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்," என்றான். செருப்பு திரும்பியது. ஊக்கு தரையில் உரசுகிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் மதியம் சின்னவன் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பெரியவன் மேல் தட்டிலிருந்து அந்த ஃபில்டரை எடுத்தான். ஸ்பேனரையும் துணியையும் எடுத்துக்கொண்டு லாரியருகே போனான். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வந்துவிட அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? பேனட்டின் கொக்கியில் கைகூட வைத்துவிட்டான். உள்ளேயிருந்து தம்பி பிள்ளைகளோடு ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் வந்தது. நாம் இல்லாமலும் இவன் சிரிக்கிறான் என்று தோன்றியது. நம் முற்றத்தில் நாம் மாட்டின எஞ்சினை நாமே திருட்டுத்தனமாகத் தொடுவதா என்றும் தோன்றியது. கையை எடுத்துவிட்டான். ஃபில்டர் திரும்பவும் தட்டுக்கே போனது.

அதற்குப் பிறகு சின்னவன் வரவில்லை. காலைச் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. பெரியவன் பல் தேய்க்கிற இடத்தைக் கொல்லைப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டான்.

செங்கல் சுமையோடு போகும்போதுதான் எஞ்சின் போயிற்று. பேரிங் தேய்ந்து, ராடு கழன்று, எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோடெல்லாம் ஆயில். வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். பெரியவன் கையைத் துடைத்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியே வந்து நின்றான். இழுத்து வந்த வண்டி கேட்டில் திரும்பாமல் தாண்டி, தெருக்கோடியில் இருந்த வேறு மெக்கானிக்கிடம் போயிற்று. சின்னவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவன் பட்டறைக்கு வந்தான். கையில் கழற்றிய ஃபில்டர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை சக்கரத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான்.

"உள்ள வால்வு இல்லாத ஃபில்டராம். அதனாலதான் போச்சாம். உனக்குத் தெரியுமா?"

பெரியவன் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை விஷயத்தில் தெரியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. அந்த நேரத்திலும் அந்தத் திமிர்தான் முன்னால் வந்தது.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ மாட்டின மறுநாள் காலைலேர்ந்து. சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு."

சின்னவன் தலையை ஆட்டினான். கணக்கு சரியாக வந்துவிட்டது போல மெதுவாக ஆட்டினான்.

"நான் வந்து நின்னேனே."

பெரியவன் தரையில் சொட்டுகிற ஆயிலைப் பார்த்தான்.

"நீ என்னை அடிச்சப்பகூட, யாராவது கேட்டா, எங்கண்ணன் தானே அடிச்சாருன்னு சொன்னேன். இதுக்கு என்னன்னு சொல்றது?"

ஃபில்டரைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தான்.

லாரி பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று. சின்னவன் எங்கேயோ தூரத்தில் யாருடைய வண்டிக்கோ சம்பள டிரைவராகப் போனான். பெண்டாட்டி பிள்ளைகளும் போனார்கள். கிளம்புகிற அன்று ஓரகத்திகள் இருவரும் கேட்டருகே கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பெரியவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். எத்தனை துடைத்தும் தரையில் அந்த ஃபில்டர் வைத்த இடத்தில் வட்டமாக ஒரு கறை நின்றுவிட்டது.

காலைகளில் இப்போது சத்தமே இல்லை. திரும்பவும் முன்வாசலில் நின்று பல் தேய்க்கலாம். அவன் கொல்லையிலேயே தேய்த்தான்.

ஒருநாள் முன்பின் தெரியாத லாரிக்காரர் ஒருவர் வந்து, தன் எஞ்சின் மாடலைச் சொல்லி ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டார். அதே எஞ்சின்.

"இல்ல," என்றான் பெரியவன்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி, மேல் தட்டிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள்.

"இந்தாங்க. உங்க எஞ்சினுக்கு வாய் கீழ பார்த்துத்தானே மாட்டணும்? அப்ப இதுதான். வால்வு இல்லாததைப் போட்டுடாதீங்க, எஞ்சின் போயிடும்."

"ரொம்ப நல்லதும்மா. யாரும் இதைச் சொல்லலை," என்றார் வந்தவர்.

"ஆமா. யாரும் சொல்லமாட்டாங்க," என்றாள். ஸ்டூலைப் புருஷனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.