கதவில் இருந்த ஒடுக்கு

துபாய் அல் குசைஸில் கலீலுர் ரஹ்மானின் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் ஒடுக்கோடு வெளியே போனதில்லை. மியூசியத்துக்குப் போகும் பழைய ஸ்டாக் கார் பந்தய வண்டிக்கு டயர் மட்டும்தான் மாற்றச் சொன்னார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை. கதவைத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, பட்டறை ஸ்டிக்கரையும் ஒட்டி அனுப்பினார்.

திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டையில் போனால், வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அந்தக் கதவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறாரு?"

"கடைசி ரவுண்டுல செவுத்துல இடிச்சும் ஜெயிச்ச வண்டி இது, கலீல் காக்கா," என்றான் மியூசிய ஊழியன் ஆரிப். "அந்த ஒடுக்கத் தொட்டுப் பாக்கத்தான் அமெரிக்காவுலேருந்து வந்திருக்காரு."

கிழவரின் விரல் ஸ்டிக்கரில் நின்றது. அதிலிருந்த நம்பரைப் பார்த்து போனில் அழுத்தினார்.

கலீலின் சட்டைப்பையில் மணி அடித்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், அது நிற்கவில்லை.