கடலுக்கடியில் ஒரு சொட்டு

பிளம்பருக்குத் தண்ணீர் மேல் நம்பிக்கை கிடையாது. கண்ணாடி மேலும் கிடையாது. மாப்பிள்ளை மேல் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. இந்த மூன்றும் கூட்டுச் சேர்ந்து கல்யாண நாள் பரிசாக வந்து நின்றபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். கடலுக்கு அடியில் கட்டிய ஓட்டலில் ஓர் இரவு. சுவருக்குப் பதில் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன்.

"பிடிக்காத ஆளைத் தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்புவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். தண்ணிக்குள்ளயே அனுப்புறவரை இப்பதான் பாக்குறேன்" என்று மனைவியிடம் பொருமினார்.

"மாப்பிள்ளை ஆசையா குடுத்திருக்காரு. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்க." அத்தோடு அவள் விடவில்லை. பெட்டியைக் குடைந்து, பனியனுக்குள் அவர் சுருட்டி வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து வெளியே போட்டாள்.

காரணம் இருந்தது. தேனிலவுக்குப் போன இடத்தில், குழாய் லேசாகச் சொட்டுகிறதே என்று கை வைத்து அறையையே குளமாக்கியவர் அவர். புதுமணத் தம்பதி ஈரப் பெட்டியோடு அன்றே வீடு திரும்பியது. அவள் தம்பியின் கல்யாணப் படத்தில் சொந்தபந்தம் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அவரைத் தவிர. அவர் மண்டபத்துச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எங்கே போனாலும் அவர் காதுக்கு முதலில் எட்டுவது சொட்டும் சத்தம். மனைவி பேசுவதெல்லாம் அப்புறம்தான்.

"ஒரே ஒரு நாள்" என்றாள் படகில் ஏறுமுன். "எங்கயும் குனிஞ்சு பாக்காம, எதையும் தட்டிப் பாக்காம, எம்பக்கத்துல உக்காந்து மீன் பாக்கணும். இதையும் பாழாக்கினீங்கன்னா, இனிமே உங்களோட நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. அவருக்கு அது தெரியும்.

லிஃப்ட் கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. வரவேற்புப் பெண் சிரித்த முகமாக முன்னால் நின்றாள்.

"ஏம்மா, இந்தக் கண்ணாடியெல்லாம் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"மாத்தினதே இல்ல சார்!"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவர் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ராத்திரி நீங்கல்லாம் எங்க தூங்குவீங்க?"

"நாங்க மேல சார், கரையில."

'பாத்தியா?' என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒரு திருக்கை, காயப்போட்ட போர்வை காற்றில் போவதுபோல, அசங்காமல் போய்க்கொண்டிருந்தது.

அறை அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க அவருக்கே மனம் வரவில்லை. கட்டில், சோபா, தரைவிரிப்பு எல்லாவற்றின் மேலும் நீலம் நெளிந்தது. கட்டை விரல் அளவு மீன்கள் கூட்டமாக வந்து, யாரோ அதட்டியதுபோல் ஒரே நேரத்தில் திரும்பிப் போயின. பெரிய மீன் ஒன்று கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அது ஏதோ எச்சரிக்கை சொல்ல வந்திருக்கிறது என்றே அவருக்குப் பட்டது.

முகம் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாய்களை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். தொட்டிக்கு அடியில் தலையை விட்டார். ஒரு குறையும் இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. குறையில்லாத குளியலறையை அவர் தன் தொழிலில் பார்த்ததே கிடையாது.

வெளியே வந்தால், மனைவி மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூட்டுவலிக்காரி. வீட்டில் நாற்காலியை விட்டு இறங்காதவள்.

"சோபா இருக்கே?"

"இங்கேருந்துதான் நல்லா தெரியுது."

அவள் முன்னால் ஒரு தூண் பாதிக் கடலை மறைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு வந்தது. "தட்டை இங்கயே குடுங்க" என்றாள். கை துடைக்கத் துண்டு தேடினார். வரும்போது நான்கு தொங்கின, இப்போது ஒன்றுகூட இல்லை.

"துண்டெல்லாம் எங்க?"

"குளுருது. போத்திக்கிட்டேன்."

குளிர்கிறவள் ஏசியைக் குறைக்கச் சொல்லவில்லையே? ஓட்டலை விட்டுவிட்டு இப்போது அவர் மனைவியைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களா? அவள் ஸ்பூனை எடுக்கக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

டப்.

"என்ன சத்தம்?"

"மீனா இருக்கும்."

"மீன் சொட்டுமா?"

அவள் சட்டென்று பின்னால் சாய்ந்தாள். சத்தம் நின்றது.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"எழுந்திரும்மா. சொல்றேன்ல."

கையைப் பிடித்துத் தூக்கினார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நான்கு துண்டும் சொதசொதவென்று கிடந்தன. கண்ணாடியும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு துளி திரண்டு, ஆடி, அவள் தோளில் விழுந்தது. தோள் முழுக்க ஈரம்.

"எப்பலேருந்து?"

"நீங்க உள்ள குழாய் தட்டிக்கிட்டிருந்தப்பலேருந்து. கேட்டுச்சு எனக்கு."

தலைக்கு மேலே மொத்தக் கடல். சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை நோக்கி ஒரு கை தானாகப் போயிற்று. இன்னொரு கை, அதுவும் தானாக, அடுத்த துளியைப் பிடித்து நாக்குக்குக் கொண்டுவந்தது. தொழில் புத்தி எங்கே போகும்?

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

உப்பு இல்லை.

இன்னொரு துளி. இல்லை. நிமிர்ந்து பார்த்தார். மேலே ஏசிக் குழாய் ஓடியது. பொத்தானிலிருந்து கையை எடுத்தார். தரையில் உட்கார்ந்தார்.

"ஏசித் தண்ணிடீ. நாக்குல வெச்சுப் பாத்திருக்கலாம்ல? எங்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்க."

"உப்பா இருந்துச்சுன்னா? உங்ககிட்ட சொல்லியாகணுமே. நீங்க பெட்டியைத் தூக்கிருவீங்க."

"கடலே உள்ள வந்திருந்தா?"

"மீனைப் பாத்துட்டாவது போயிருப்பேன்."

தான் பார்த்து வைத்திருக்கும் கசிவுகளிலேயே இதைத்தான் இவ்வளவு நேரம் யாரோ தோள் கொடுத்து அடைத்து வைத்திருந்தார்கள். அதுவும் தன்னிடமிருந்து.

டப்.

ஏசித் தண்ணீர்தான். ஒரு நிமிட வேலை. அவர் கை மெல்ல நகர்ந்து காலுறைக்குள் போய், அவள் கண்டுபிடிக்காத சின்ன ஸ்பேனரை எடுத்தது. அவள் பார்த்தாள். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் ஸ்பேனரைப் பார்த்தார், சொட்டைப் பார்த்தார், அவளுடைய ஈரத் தோளைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை அவள் மடியில் வைத்தார். காலியான சூப் கிண்ணத்தைச் சொட்டுக்கு அடியில் தள்ளினார்.

டிங்.

"ஐயோ, இது அதைவிடக் கொடுமை" என்று முனகினார். அவள் ஒரு கைக்குட்டையைக் கிண்ணத்துக்குள் போட்டாள். சத்தம் அடங்கியது. இருவரும் சோபாவுக்கு நகர்ந்தார்கள்.

வாயைத் திறந்து மூடும் அந்தப் பெரிய மீன் மறுபடி வந்தது.

"என்ன மீனுங்க அது?"

"பேர் தெரியல. முழிக்கிற முழியைப் பாத்தா நம்ம மாப்பிள்ளை மாதிரியே இருக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

ஆசையாகப் பிடித்திருக்கிறாளா, இல்லை எழுந்து போய்விடக் கூடாது என்று பிடித்திருக்கிறாளா? அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கேட்கவில்லை.