அமைதியான பிள்ளை

என்னை அமைதியான பிள்ளை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் பிறந்து நாற்பத்தொரு வருடத்தில் அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அதையும் எனக்கு வேலை தரவிருந்த மனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லால் கைக்கு எட்டிய வேலை வாய்க்கு எட்டாமல் போகப் பார்த்தது.

ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள் நான். கடைசி மேசையில் பெட்டி மடிப்பவளாகச் சேர்ந்து, ஒரு முழு உற்பத்தி லைனையும் நடத்துகிறவளாக ஏறினேன். போன குளிர்காலத்தில் முதலாளிமார் தொழிற்சாலையைத் தூக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி நாளன்று எங்களுக்குக் கேக் வெட்டிக் கை குலுக்கி அனுப்பினார்கள். அந்தக் கேக்கையும் காலையில் நாங்கள்தான் செய்திருந்தோம்.

பிறகுதான் வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போனேன். டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக்கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரம். அரசாங்கச் செலவில் நடக்கிற இடம். வேலை தேடுகிறவர்களுக்கும் ஆள் தேடுகிற கொம்பனிகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பொருத்திவிடுவார்கள். என்னைப் பொறுப்பெடுத்த ஆலோசகர் துஷானி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. முதல் நாளே கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, ஜெனரல் லேபர் நிறைய இருக்கு. நெக்ஸ்ட் வீக்கே ஸ்ரார்ட் பண்ணலாம். சூப்பர்வைசர் எண்டால் கொஞ்சம் வெயிட் பண்ணவேணும்."

"வெயிட் பண்ணுறன்," என்றேன். "பெட்டி மடிக்கத் திரும்பிப் போகமாட்டன். ஏறின படியிலையிருந்து என்னை இறங்கச் சொல்லாதையும்."

வீட்டிலும் இதே கதைதான். "கிடைக்கிறதை எடுமன்," என்று என் கணவர் பிரதாபன் சொன்னார். உறவுகள் அதற்கு மேலே போய், இந்த வயதில் என்ன பதவி ஆசை என்று கேட்டார்கள். இந்த வயதில் ஆசைப்படாமல் எந்த வயதில் ஆசைப்படுவது? என்னைக் கேட்ட ஆண்களில் ஒருவராவது இறங்கின சம்பளத்துக்கு, இறங்கின வேலைக்குப் போனதை நான் கண்டதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

துஷானியை மட்டும் குறை சொல்லமாட்டேன். நான் சொல்வது விளங்கியதும் வரிந்துகட்டிக்கொண்டு வேலை செய்தாள். மோர்னிங்சைட் பக்கத்தில் சமைத்த சாப்பாடு பொதி செய்து கடைகளுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்று பின்னேர ஷிப்ற்றுக்கு சூப்பர்வைசர் தேடியது. விண்ணப்பம் போட்டு, எனக்கு இன்ரவியூப் பயிற்சியும் தந்து, அங்கே அனுப்பி வைத்தாள். ஒன்றுதான் இடறியது. நான் ஆட்களை வைத்து வேலை வாங்கியதைக் கண்ணால் கண்ட ஒருவர் எனக்காக றெபரன்ஸ் சொல்லவேண்டும். என் பழைய மனேஜர் அல்பேர்ட்டாவுக்குப் போய் நம்பரையும் மாற்றிவிட்டார்.

"கொமியூனிற்றில ஏதாவது வொலன்ரியர் வேலை செய்திருக்கிறீங்களா?" என்று துஷானி கேட்டாள்.

"எங்கடை ஊர்ச்சங்கத்தின்ரை கோடை ஒன்றுகூடலுக்கு ஒவ்வொரு வருஷமும் சாப்பாட்டுப் பொறுப்பு நான்தான். அறுநூறு பேர் வருவினம்."

"ஓ மை கோட், அக்கா! அது பேர்ஃபெக்ட். சங்கத்தின்ர பிரெசிடென்ற் ஆர்?"

ஜெயரட்ணம் அங்கிள். போன கோடையில் ஒரு கோழிக்கறி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஊர் முழுக்கப் பார்த்திருக்க முட்டிக்கொண்டது. அந்த மனிதர் வாய் திறந்தால் என்னைச் சண்டைக்காரி என்றுதான் சொல்வார் என்று பயந்தேன். ஆனால் வேறு ஆள் இல்லை. போன் எடுத்துக் கேட்டேன். "அதுக்கென்ன பிள்ளை, நல்லாச் சொல்லிவிடுறன்," என்றார். பெரிய மனசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ரவியூ செய்த மனேஜரின் பெயர் மக்டலீன், பிலிப்பினோப் பெண். அவளோடு பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன். அவள் என்னிடம் சுற்றிவளைக்காமல் ஒரே கேள்வி கேட்டாள். "சாப்பாட்டில் ஏதோ பிழை இருக்கிறது. லொறி வாசலில் நிற்கிறது. மேலிடம் அனுப்பச் சொல்கிறது. என்ன செய்வீர்கள்?"

"லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்புவேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். எழுந்து வந்து கை தந்தாள். இனி றெபரன்ஸ் மட்டும்தான் என்றாள். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாளில் துஷானி அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, சொறி. அவை உங்களுக்கு பெட்டி அடுக்குற பாக்கிங் வேலைதான் ஓஃபர் பண்ணுகினம். சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு வேற ஆள் பாக்கப் போகினமாம்."

"ஏனாம்?"

"றெபரன்ஸ்ல உங்களை ரொம்ப நல்லாத்தான் சொல்லியிருக்கிறார். வெரி குவயட். ஒருத்தரையும் எதிர்த்துக் கதைக்கமாட்டா. பெரியாக்கள் சொன்னால் சொன்னபடி கேப்பா. எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிப் போவா. அவையளுக்கு லைனை நிப்பாட்டக்கூடிய ஆள் வேணுமாம், அக்கா."

நான் போனை வைத்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்படியே பஸ் பிடித்து ஜெயரட்ணம் அங்கிள் வீட்டு மணியை அடித்தேன்.

அவர் வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தார். "வாரும் பிள்ளை, வாரும். வேலை கிடைச்சிட்டுதே? நான் ஒரு குறையும் வைக்கேல்லை. நல்ல குடும்பம், தகப்பன் போஸ்ட் மாஸ்டராய் இருந்தவர், அடக்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது எண்டெல்லாம் சொன்னனான்."

"ஐயோ அங்கிள், எனக்கென்ன மாப்பிள்ளையே பாத்தனீங்கள்?"

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி மங்கையற்கரசி அன்ரி எட்டிப் பார்த்தார். "உவருக்கு அது ஒண்டுதான் தெரியும். இருவது வருஷமாய்ப் பொம்பிளை மாப்பிள்ளை விசாரிச்சுத்தானே உவருக்கு போன் வாறது. ஆர் கேட்டாலும் உதே பாட்டுத்தான்."

உண்மைதான். சங்கத் தலைவரிடம் குடும்பம் விசாரிக்காமல் எங்கள் ஊர்ச் சனத்துக்குள் ஒரு கலியாணமும் நடக்காது, ரொறன்ரோவில் இருந்தாலும் சரி, இலண்டனில் இருந்தாலும் சரி. மனிதருக்கு வேலை விசாரணை என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி நல்லது சொல்லவேண்டும் என்றதும் வாய் பழகின பாதையில் போய்விட்டது. பெண்ணுக்கு வேறு என்ன நல்லது இருக்க முடியும் என்று அவர் யோசித்தே இருக்கமாட்டார்.

"அந்தக் கோழிக்கறிக் கதையை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "அதை நான் வெளியில விடுவனே? உம்மடை நன்மைக்கு மூடி மறைச்சுப்போட்டன். அந்த மனேஜர் கேட்டவ, நீர் ஆரோடையாவது பிரச்சினைப்பட்டிருக்கிறீரோ எண்டு. ஒரு நாளும் இல்லை எண்டிட்டன்."

அந்தக் கதை இதுதான். ஒன்றுகூடலன்று பார்க்கில் ஆகஸ்ட் வெயில். சங்கச் செயலாளரின் மைத்துனர்தான் சாப்பாடு கொண்டுவந்தார். கோழிக்கறித் தட்டை மூடியிருந்த ஈயத்தாளில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பேக்கரியில் பழகின பழக்கம், எப்போதும் கைப்பையில் சூடு அளக்கிற தேர்மோமீற்றர் ஒன்று கிடக்கும். குத்திப் பார்த்தேன். அவ்வளவு இறங்கின சூட்டில் கிருமி பெருகும், அந்தக் கறியைக் குழந்தைகளுக்குப் போட முடியாது. எல்லாத் தட்டையும் திருப்பி வாகனத்தில் ஏற்றுங்கள் என்றேன். அங்கிள் ஓடி வந்தார், செயலாளர் ஓடி வந்தார், மைத்துனர் என் முகத்துக்கு நேரே கை நீட்டினார். நான் அசையவில்லை. சனம் பின்னேரம் வரை பாணும் வத்தகைப்பழமும் தின்றது. அன்றிலிருந்து எனக்குச் சங்கத்தில் ஒரு பட்டப்பெயரும் உண்டு. 'சாப்பாட்டை மறிச்சவள்.'

"அங்கிள், அவைக்கு வேணுமெண்டதே அந்தக் கதைதான்," என்றேன். "போன் எடுத்து உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் முகம் இறுகியது. "சொன்ன சொல்லை மாத்திச் சொல்லுறதோ? நான் பொய் சொன்னனான் எண்டு நானே ஒப்புக்கொள்ளுறதோ? பிள்ளை, எனக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு."

"எனக்கும் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டினேன். அன்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு நடுவில் நின்றார். அவருக்காக நின்றபடியே இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வந்தேன்.

மனேஜரை நேரில் பார்க்கவேண்டும் என்று துஷானியிடம் சொன்னேன். "அக்கா, ஒருத்தரும் அப்பிடிப் போறேல்லை," என்றாள். ஒருத்தரும் போவதில்லை என்றால் நான் போகிறேன் என்றேன். கடைசியில், பாக்கிங் வேலை பற்றி நான் நேரில் பதில் சொல்ல வருவதாகச் சொல்லி மக்டலீனிடம் நேரம் வாங்கித் தந்தாள். "நல்லாக் கதையுங்கோ," என்றாள் மெதுவாக.

மக்டலீன் பாக்கிங் ஷிப்ற் நேரங்களைச் சொல்லத் தொடங்கினாள். நான் மறித்தேன்.

"அந்த வேலை எனக்கு வேண்டாம். எனக்காகப் பேசியவர் உங்களுக்குப் பொய் சொல்லிவிட்டார்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களைப் புகழ்ந்த ஆளையா பொய்யர் என்கிறீர்கள்?"

"ஓம். இப்போதே அவரை ஸ்பீக்கரில் எடுங்கள். போன கோடையில் கோழிக்கறிக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்."

இப்படி ஒரு வேண்டுதலை அவள் தன் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. நம்பரை அழுத்தினாள். தனுசியாவாகிய நானும் பக்கத்தில் இருப்பதை முறையாகச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்டாள். அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"கோழிக்கறியா? ஒன்றும் நடக்கவில்லை, மேடம். எல்லாம் நல்ல ருசி. தனுசியா அடக்கமான பெண்..."

என்னால் தாங்க முடியவில்லை. "அங்கிள்! வெக்கமில்லையே? உள்ளதைச் சொல்லுங்கோ!"

"நீர் சத்தம் போடாதையும்! பெரியாக்கள் கதைக்கேக்குள்ளை குறுக்கை வாறதோ?"

"வருவன்! என்ரை வேலையைப் பற்றிக் கதைக்கேக்குள்ளை நான் வராமல் ஆர் வாறது? அண்டைக்கு அந்தக் கறியைத் திருப்பி அனுப்பினது ஆர்?"

"அனுப்பி எங்கடை மானத்தை வாங்கினது நீர்தான்! செயலாளர் இண்டுவரைக்கும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை!"

"அதைத் திண்டு குழந்தையளுக்கு வருத்தம் வந்திருந்தால் மட்டும் முகம் குடுத்திருப்பாரோ?"

மக்டலீன் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அங்கிளுக்குப் பொறுமை எங்கோ அறுந்துபோனது. திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறி வெடித்தார்.

"மேடம், கேளுங்கள்! அறுநூறு பேருடைய சாப்பாட்டை இவள் தனியாக நின்று மறித்தாள். தலைவர் நான் சொன்னேன், கேட்கவில்லை. செயலாளர் சொன்னார், கேட்கவில்லை. ஒரு தேர்மோமீற்றரைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்!"

"யாருக்காவது நோய் வந்ததா?" என்று மக்டலீன் கேட்டாள்.

"எப்படி வரும்? ஒருவரையும் ஒரு வாய் தின்ன விடவில்லையே!"

மக்டலீன் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பில்லை. "நான் பிழை செய்தால் என்னோடும் இப்படிச் சண்டை பிடிப்பீர்களா?"

இந்த இடத்தில் பணிவாக ஏதாவது சொல்லியிருக்கலாம். துஷானியின் பயிற்சியில் அதற்கும் ஒரு பதில் இருந்தது. எனக்கு அது வாயில் வரவில்லை.

"நீங்கள் பிழை செய்தால், உங்களோடும்தான்," என்றேன்.

அவள் பாக்கிங் வேலைத் தாளை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டாள். "திங்கட்கிழமை வாருங்கள். பின்னேர ஷிப்ற் உங்களுடையது."

போன் இன்னும் வைக்கப்படவில்லை. அங்கிளின் குரல் மறுபடி கேட்டது. அன்ரியிடம் முறையிடுகிறார் போலிருந்தது. "உவள் ஒருத்தற்றை சொல்லும் கேக்கமாட்டாள், மங்கை. அண்டைக்கும் கேக்கேல்லை, இண்டைக்கும் கேக்கேல்லை. உவள் எங்கை போனாலும் கேக்கப் போறேல்லை."

"என்ன சொல்கிறார்?" என்று மக்டலீன் கேட்டாள்.

நான் நிமிர்ந்து இருந்து, ஒரு சொல்லும் குறைக்காமல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.